தொலைமுனையின் கதவு

அக்டோபர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ‘தொலைமுனை’ தொடரின் புதிய வடிவத்தில் முதல் எபிசோடு வெளியானது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அதைத் தன் வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தார்.

முடிந்ததும் டி.வி.யை அணைத்தார். போனை எடுத்து, ரசிகர் குழுவில் ஒரே ஒரு சொல்லைத் தட்டினார்: ‘உள்ளே.’

அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது குழுவின் சட்டம்.

பழைய ‘தொலைமுனை’ ஓடி முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசிக் கிரகத்துக்கும் அப்பால் மிதக்கும் ஒரு நிலையம், அதில் ஒன்பது பேர், அந்த ஒன்பது பேரில் ஒருத்தி கேப்டன். வெளியே பழுதுபார்க்கப் போனவர்கள் திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் தன் வாயால் ‘உள்ளே’ என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லும்வரை கேப்டன் கதவை மூட மாட்டாள். காற்று கசிந்தாலும் சரி, கல்மழை பொழிந்தாலும் சரி. தொடர் ஓடிய காலம் முழுக்க அந்தக் கதவு ஒருவரைக்கூட வெளியே விட்டுவிட்டு மூடியதில்லை. அதைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர்கள் பின்னால் ஒரு குழு ஆரம்பித்தபோது அதையே தங்களுக்கும் சட்டமாக்கிக்கொண்டார்கள். தொடர் சம்பந்தமாக எது புதிதாக வந்தாலும் எல்லாரும் பார்த்துவிட்டு ‘உள்ளே’ போட வேண்டும். கடைசி ஆள் போடும்வரை யாரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கடைசியாக உள்ளே வந்தவர்தான் முதலில் பேச வேண்டும்.

குழுவில் இருபது பேர்கூட இல்லை. பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அட்மின், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். வயதில் பெரியவர்களும் அவரை ‘அக்கா’ என்பார்கள், அவர் பதிலுக்கு அவர்களை ‘அண்ணே’ என்பார். பல் டாக்டர் ஒருவர் இருந்தார், எதற்கும் எதிர்க்கட்சி. இந்த மெக்கானிக் ‘லிஃப்ட்’. இவருடைய மகள் ‘குட்டி’.

லிஃப்ட்காரர் அந்தத் தொடருக்குள் விழுந்ததே அந்தக் கதவால்தான். முதல்முறை அது திறந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “அது லிஃப்ட் கதவு. ரோலர் காஞ்சு கிடக்கு, யாராவது எண்ணெய் போடுங்கப்பா” என்றார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, “ஆகாயத்துல அவ்ளோ பெரிய வீடு கட்டியிருக்காங்க, துணி காயப்போட ஒரு கொடி இருக்கா பாருங்க” என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகள், “ரெண்டு பேரும் சும்மா இருங்க, இன்னும் ஒருத்தர் வெளியில இருக்காரு” என்று அதட்டினாள். அதன் பிறகு ஒரு வாரம்கூட மூன்று பேரும் அதைத் தவறவிட்டதில்லை.

புதிய தொடரில் கதவுக்குச் சத்தமே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் எபிசோடின் கடைசியில் கல்மழை வருகிறது. குழாய் பழுதுபார்க்கும் ஆள் ஒருவன் வெளியே மாட்டிக்கொள்கிறான். புதிய கேப்டன் பொத்தானைப் பார்க்கிறாள், காற்றின் அளவைப் பார்க்கிறாள், மறுபடி பொத்தானைப் பார்க்கிறாள். அழுத்திவிடுகிறாள். கதவு சத்தமில்லாமல் மூடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைகிறது. குரல் வரவில்லை.

மறுநாள் விடிவதற்குள் உலகமே இரண்டுபட்டது. பழைய தொடரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவர் அழுதுகொண்டே வீடியோ போட்டார். கையெழுத்து இயக்கம் ஆரம்பித்தது. யாரோ பழைய சுவரொட்டிக்கு மாலை போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். கேப்டனாக நடித்த பெண்ணைக் கண்டபடி ஏசினார்கள். எழுதியவன் செய்ததற்குப் பழி நடித்தவள் தலையில் விழுந்தது. இதுதான் நிஜம், எவ்வளவு நாள் கதை கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று மறுபக்கம் கேட்டார்கள். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் படித்தார். கதவை மூடியது சரியா தப்பா என்று தனக்கே தெரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

குழுவில் மட்டும் மயான அமைதி. ஒன்றன் கீழ் ஒன்றாக ‘உள்ளே’, ‘உள்ளே’ என்று விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். குட்டி மட்டும் வரவில்லை.

குட்டி வேறு நாட்டில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பாவோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி இறந்த அன்று மகள் இருந்த ஊரில் புயல். விமானம் எதுவும் கிளம்பவில்லை. “நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன்பா, அதுவரைக்கும் அம்மாவ வெச்சிருங்க” என்று போனில் சொன்னாள். அவருடன் கூடப்பிறந்த அக்காவும் உறவுக்காரர்களும் கூடத்தை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். புயலை நம்பி எப்படி வைப்பது, நாளைக்கும் விமானம் வராவிட்டால் என்ன செய்வது என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. மகள் மறுநாள் மத்தியானம், சொன்னபடி வந்தாள். கழுவி விட்டிருந்த கூடத்தைப் பார்த்தாள். ராத்திரிக்குள் கிளம்பிவிட்டாள்.

ஆனால் குழுவிலிருந்து மட்டும் அவள் போகவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. எப்போதாவது அவள் அங்கே ஒரு வரி எழுதுவாள், பல் டாக்டரைக் கிண்டல் செய்வாள். ஒருமுறை இவர் சொன்ன ஒரு ஜோக்குக்கு, மறந்துபோயோ என்னவோ, ஒரு சிரிப்பு போட்டாள். அவர் அதைப் பல நாள் திறந்து திறந்து பார்த்தார். மகள் நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் குழுதான்.

திங்கட்கிழமை ஒரு வங்கிக் கட்டடத்தில் வேலை. அவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல், இருட்டுக் குழிக்குள் நின்றார். அவருடைய கூட்டாளி உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார். எப்போதும் அங்கேயே இருப்பதால் அவருக்கு ‘மேலிடம்’ என்று பேர்.

“ஆள்?” என்று மேலிடம் கத்தினார்.

“சரி!”

பெட்டி ஒரு மாடி ஏறி நின்றது. அந்தத் தொழிலில் இதுதான் முதல் பாடம். குழிக்குள் இருப்பவன் தன் வாயால் ‘சரி’ சொல்லாமல் மேலே இருப்பவன் சுவிட்சைத் தொடக் கூடாது. குழிக்குள் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ‘அவனும் சரி’ என்று ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லவே கூடாது. வேறு ஒரு கம்பெனியில் அப்படிச் சொன்ன ஒருவனை இருவருக்கும் தெரியும். யாருக்காகச் சொன்னானோ அவன் இப்போது இடது கையால் சாப்பிடுகிறான்.

சாப்பாட்டு நேரத்தில் மேலிடம் அவரை உற்றுப் பார்த்தார். “என்னண்ணே, மூஞ்சி ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது?”

“ஒண்ணுமில்ல. அந்தத் தொடர்.”

“அதானா! என் மச்சினனும் ரெண்டு நாளா சாப்பிடல. யாரோ கதவ மூடிட்டாங்களாமே. நம்ம தினமும்தான் மூடறோம், நமக்காக எவனாவது அழறானா?”

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

புதன்கிழமை மருந்துக்கடை அக்கா போன் செய்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க.”

“சொல்லுங்கக்கா.”

“ஊரே பேசுது. இருமல் மருந்து வாங்க வந்தவர்கூட, கேப்டன் பண்ணினது நியாயமான்னு கேக்கறார். நான் வாயில பஞ்ச அடைச்சுக்கிட்டு நிக்கறேன். குட்டி பாக்கப் போறாளா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்களேன். உங்க பொண்ணுதானே.”

அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்பது குழுவில் யாருக்கும் தெரியாது.

“அவளுக்கு வேலை இருக்கும்” என்றார்.

“எல்லாருக்கும்தான் வேலை. பாருங்க, வெள்ளிக்கிழமை ரெண்டாவது எபிசோடு வருது. அதுக்குள்ள அவ போடலைன்னா குழுவுலேருந்து எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. பாத்தப்புறம் வேணா திரும்பச் சேத்துக்கலாம்.”

“எல்லாரும்னா?”

“தனித்தனியா கேட்டுட்டேன். நீங்கதான் பாக்கி.”

“ஒரு ஆள வெளிய விட்டுட்டுக் கதவ மூடறோம்ங்கறீங்க.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்பது காதில் விழுந்தது.

“அண்ணே, அது கதை. இது ஒரு குரூப். அத இதோட சேக்காதீங்க.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க.”

“குடுத்துட்டேனே. அதத்தான் சொல்றேன்.”

அன்று மூன்று முறை மகளின் எண்ணை அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. ‘எபிசோடு பாத்தியாம்மா’ என்று ஒரு செய்தி எழுதி அழித்தார். இரண்டு வருஷம் கழித்து அப்பன் அனுப்பும் முதல் செய்தி இதுவாகவா இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மனைவியின் டேப்லெட் ஒன்று அலமாரியில் இருந்தது. அவளுடைய படங்கள் அதில் இருந்ததால் அவர் அவ்வப்போது அதற்குச் சார்ஜ் போட்டு வைப்பார். அம்மா உயிரோடு இருந்தபோது மகள் கடைசியாக வந்திருந்த சமயம், அதிலேதான் குழுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியேறாமல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள். இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் அதில் விரல் வைத்ததில்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தார். காலையில் காபியைக் கலந்து வைத்துவிட்டு டேப்லெட்டைத் திறந்தார். மேலே ‘குட்டி’ என்று பேர் இருந்தது. பக்கத்தில் ஆறு வயதில் எடுத்த படம். தலையில் அம்மா அட்டையில் செய்து கொடுத்த கேப்டன் தொப்பி.

குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டால் அவள் திரும்பி வர மாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெற்ற பெண்ணின் சுபாவம் தெரியாதா. பார்க்காமலா இருந்திருப்பாள்? பார்த்திருப்பாள், போட மறந்திருப்பாள். ஒரு சொல்தானே. அவளுக்காகக் கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதுதானே.

‘உள்ளே’ என்று தட்டி அனுப்பினார்.

காபியில் ஆடை படிவதற்குள் குழு மடை திறந்துகொண்டது.

“அப்பாடா! குட்டி, நீ நல்லா இருப்பே. ஒரு வாரமா நாக்கை நூல் போட்டுக் கட்டி வெச்சிருந்தேன்” என்று பல் டாக்டர் எழுதினார்.

“கதவுக்குச் சத்தமே இல்லையே! எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் இதைவிட மரியாதையா மூடும்” என்றார் அக்கா.

“அவ கேப்டன் இல்ல, கேட்டுல உக்காந்திருக்கற வாட்ச்மேன்” என்றார் இன்னொருவர்.

“அடிக்க வராதீங்க, நான் ஒண்ணு சொல்றேன். மூடாட்டி மிச்சம் எட்டு பேரும் செத்திருப்பாங்க” என்றார் பல் டாக்டர்.

“பழைய கேப்டன் மூடியிருப்பாளா?”

“பழைய கேப்டனுக்குக் காத்து தீரவே தீராது. எழுதினவங்க அவ பக்கம்.”

“பல்லப் புடுங்கறவருக்கு மனசு எங்கேருந்து வரும்!”

“இருங்க, இருங்க. சட்டம் மறந்து போச்சா? கடைசியா வந்தவங்கதான் முதல்ல பேசணும். குட்டி, நீ சொல்லு. அவ மூடினது சரியா?” என்று அக்கா எழுதினார்.

சத்தம் அடங்கியது. எல்லாரும் குட்டிக்காகக் காத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்விக்கு மகள் என்ன சொல்வாள் என்பதைத் தெரிந்துகொள்ள அவரைவிட ஆசைப்பட்டவர் அந்தக் குழுவில் யாரும் இல்லை. விரல் எழுத்துகளின் மேலேயே நின்றது. தட்டவில்லை.

அப்போது குட்டியின் பேரில் ஒரு வரி வந்தது. அவர் எழுதியதல்ல.

“நான் இன்னும் பார்க்கவே இல்ல. அதைப் போட்டது நான் இல்ல.”

லிஃப்ட்காரரின் போன் அடித்தது.

“யாரு போட்டது?” என்றாள் மகள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் கேட்கும் குரல். கொஞ்சம் கனத்திருந்தது.

“நான்தாம்மா. அம்மாவோட டேப்லெட்ல…”

“தெரியும். வேற யாரால முடியும்.”

“உன்ன எடுத்துடப் போறோம்னு சொன்னாங்க. உன்ன வெளிய விட்டுடக் கூடாதேன்னு…”

“நான் வெளியிலதான் இருக்கேன். நான் இன்னும் வரல. வந்துட்டேன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?”

அவர் மடியிலிருந்த டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“அந்த சீன் வருதுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. எங்க லேப்ல எல்லாரும் அதத்தான் பேசறாங்க. தினமும் திறக்கறேன், மூடிடறேன். பாக்க முடியல. என்னிக்காவது ஒருநாள் பாப்பேன்னு இருந்தேன். அதுவரைக்கும் அவங்க பேசாம இருந்தது எனக்கு…” அவள் நிறுத்தினாள். “யாரோ கொஞ்ச பேர் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு இருந்தது. அதையும் முடிச்சுட்டீங்க.”

“குட்டி…”

“ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் என்னைக் கேக்கல.”

“அன்னிக்கு நீ வருவியான்னு தெரியாதேம்மா. புயல்…”

“நான் சொன்ன நேரத்துக்கு வந்தேன்.”

“தெரியாதேம்மா.”

“தெரியலைன்னா காத்திருக்கணும்பா. அவ்வளவுதான். தெரிஞ்சா எல்லாருமே காத்திருப்பாங்க.”

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் வந்து, நின்றது. அவர் எழுந்து நின்றார்.

“நான் உன்னக் கேட்டிருக்கணும்” என்றார். “ரெண்டு தடவையும்.”

அவள் போனை வைக்கவில்லை.

“நாளைக்கு ரெண்டாவது வருது. நீ முதல் எபிசோடு பாக்கறவரைக்கும் நான் அத பாக்க மாட்டேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி. யார்கிட்டயும் கதை கேக்க மாட்டேன்.”

“அது உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் தன் பேரில் குழுவைத் திறந்து, அந்தச் சொல்லைப் போட்டது தான்தான் என்று எழுதினார். காரணம் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா, “ஏன் அண்ணே இப்படி?” என்று மட்டும் கேட்டார். பல் டாக்டர் ஏதோ எழுத ஆரம்பித்து நிறுத்துவது மட்டும் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ‘குட்டி வெளியேறினார்’ என்று ஒரு வரி விழுந்தது. ராத்திரி அக்கா அறிவித்தார்: எப்படியும் எல்லாம் பேசியாகிவிட்டது, இனிமேல் ‘உள்ளே’ சட்டம் கிடையாது, பார்த்தவர்கள் பார்த்ததும் பேசலாம்.

அப்படியானால் அங்கே இருந்தால் இரண்டாவது எபிசோடு காதில் விழுந்துவிடும். லிஃப்ட்காரரும் வெளியேறினார். டேப்லெட்டில் மகளின் கணக்கை மூடிவிட்டு, மனைவியின் படங்களை மட்டும் அதில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வங்கிக் கட்டடத்தில் மிச்ச வேலை. அவர் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றார்.

“ஆள்?” என்று மேலிடம் கத்தினார்.

பதில் வரவில்லை.

“அண்ணே! ஆள்?”

“சரி” என்றார். பிறகு, கேட்காமலே, “நான் ஒருத்தன்தான் இருக்கேன்” என்றார்.

“அது தெரியாதா எனக்கு! வேற யார் இந்த ஓட்டைக்குள்ள வருவா?” என்று மேலிடம் சிரித்தார். ஆனால் சுவிட்சைத் தொடாமல், இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. லிஃப்ட்காரர் அந்த மாலைகளில் டி.வி. போடவில்லை. பேருந்தில் யாராவது தொடரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வேறு இடத்தில் போய் நின்றார். மேலிடம் தன் மச்சினன் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தபோது, “வேண்டாம்ப்பா, நான் இன்னும் பாக்கல” என்றார். வெளியே மாட்டிக்கொண்டவன் செத்தானா பிழைத்தானா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

டிசம்பர் ஐந்தாம் தேதி எட்டாவது எபிசோடோடு தொடர் முடிந்தது. பார்வையாளர்கள் போதாததால் அடுத்த பருவம் எடுக்கப்போவதில்லை என்று தயாரித்த நிறுவனம் அறிவித்தது. கையெழுத்து இயக்கம் நடத்தியவர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் எண்ணிலிருந்து அவருடைய போனுக்கு ஒரு சொல் வந்தது: ‘உள்ளே.’

அன்று மாலை அவர் இரண்டாவது எபிசோடைப் பார்த்தார்.